பூட்டான் போறீங்களா? ராத்திரியக் குறைக்காதீங்க, ஊரக் குறைங்க

பெங்களூர்லேர்ந்து பூட்டான் போய்ட்டு வந்ததுலேர்ந்து அல்சூர்ல எங்க தெருவுலயும் சரி, ஆபீஸ்லயும் சரி, பாக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது மொத்தம் எவ்ளோ ஆச்சுன்னுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதுக்கு அடுத்து அவங்க பண்றதத்தான் நான் தடுக்கப் பாக்குறேன். பூட்டான்ல தங்குற ஒவ்வொரு ராத்திரிக்கும் அரசாங்கத்துக்குத் தனியா ஒரு கட்டணம் கட்டணும், எஸ்டிஎஃப்னு சொல்லுவாங்க, இந்தியர்களுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். இதக் கேட்டவுடனே எல்லாரும் நாளக் குறைக்குறாங்க. நாலு ராத்திரிக்குள்ள திம்பு, புனாகா, பாரோ, முடிஞ்சா ஹா பள்ளத்தாக்கு, முடிஞ்சா போப்ஜிகா பள்ளத்தாக்குன்னு எல்லாத்தையும் அடைச்சு வைக்குறாங்க. மேப்புல பாத்தா கிட்டகிட்ட இருக்குற மாதிரிதான் இருக்கும், ரோட்டுல போனாத்தான் தெரியும். அதுலயும் கூட வயசானவங்க, சின்னப் பசங்க இருந்தா அந்த பிளான்ல பாதி நாள் வண்டிக்குள்ளயே போய்டும்.

கணக்க முதல்ல சொல்லிடுறேன். பெரியவங்க நாலு பேர், ஏழு ராத்திரின்னா 33,600 ரூபாய். ஆறுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பாதிதான், அதனால எட்டு வயசுப் பையனுக்கு 4,200. ஆறு வயசுக்குள்ள இருந்தா கிடையாது. ஆக மொத்தம் 37,800, இது ரூம், வண்டி, சாப்பாடு எதுவும் சேராம. வெளிநாட்டுக்காரங்களுக்கு இதே கட்டணம் ராத்திரிக்கு 100 டாலர், அதோட வச்சுப் பாத்தா நமக்குப் பெரிய சலுகை. ஒரு ராத்திரியக் குறைச்சா எங்க கணக்குல 5,400 மிச்சம். அந்த 5,400-க்காக அம்மாவயும் மாமனாரையும் ஒரே நாள்ல எட்டு மணி நேரம் மலை ரோட்டுல உக்கார வைக்கணுமான்னு யோசிச்சோம், வேணாம்னு முடிவு பண்ணி ஊரக் குறைச்சோம். அது ஒண்ணுதான் எங்க டிரிப்ப நல்ல டிரிப்பா ஆக்கிச்சு.

இன்னொண்ணு, பழைய கணக்கு எதையும் நம்பாதீங்க. 2020-க்கு முன்னாடி போன சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸு யாராவது ரொம்ப சீப்பா முடிச்சுட்டு வந்தோம்னு சொன்னா அவங்க சொல்றது அந்தக் காலத்துக்கு உண்மைதான். இந்தியர்களுக்கு இந்தக் கட்டணம் 2020 ஜூலைலதான் வந்துச்சு, ஆனா அப்ப கொரோனால பார்டரே மூடிக் கிடந்துச்சு, 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி திறந்தப்பறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது. அதே மாதிரி நம்ம ஊர் வண்டிய உள்ள எடுத்துட்டுப் போறதும் இப்ப கட்டுப்படியாகாது, எல்லை ஊரத் தாண்டினா நாளுக்கு 4,500 ரூபாய் தனிக் கட்டணம். திம்புவும் பாரோவும் தாண்டிப் போகணும்னா கைடு கட்டாயம்னு ஆயிடுச்சு. புனாகா போறதா இருந்தா பேசாம அங்க இருக்குற டூர் ஆபரேட்டர் மூலமா கைடும் வண்டியும் சேத்து எடுத்துடுங்க, பெர்மிட் வேலையையும் அவங்களே பாத்துக்குவாங்க. விதி மாறிக்கிட்டே இருக்குற நாடு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அவங்க சுற்றுலாத்துறை, குடிவரவுத்துறை சைட்டுல ஒரு தடவ பாத்துடுங்க.

இப்ப டாகுமென்ட். இதுலதான் நம்ம தமிழ் ஆளுங்க ரொம்ப கவனமா இருக்கணும், ஏன்னா நமக்கு இனிஷியல்னு ஒரு விஷயம் இருக்கு. பூட்டானுக்கு விசா வேணாம், ஆனா ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி, ரெண்டுல ஒண்ணு. பாஸ்போர்ட்டுன்னா ஆறு மாசமாவது வேலிடிட்டி இருக்கணும். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு பாஸ்போர்ட், இல்லன்னா இங்கிலீஷ்ல இருக்குற பர்த் சர்டிஃபிகேட், கூட அப்பா அம்மா யாராவது வரணும். பசங்க பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான்ங்குறது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது, எங்களோடது எடுத்து ரொம்ப வருஷம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், பையனோடது முடிஞ்சு போயிருக்கும்.

எங்க வீட்டுல அம்மாவுக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. குடியாத்தத்துல எடுத்த வோட்டர் ஐடிதான், அதுவும் பழைய கறுப்பு வெள்ளை கார்டு, லேமினேஷன் பிஞ்சு ஃபோட்டோவுல முகம் பாதி அழிஞ்சு கெடந்துச்சு. வோட்டர் ஐடில பேர் மட்டும் இருக்கு, ஆதார்ல பேருக்கு முன்னாடி இனிஷியல், பேங்க்குல பேருக்குப் பின்னாடி அப்பா பேரு முழுசா. மூணுல எது அம்மான்னு எல்லைல உக்காந்திருக்குற ஆஃபீசருக்கு எப்படித் தெரியும்? அதனால மொதல்ல எந்த ஐடியக் காட்டி பெர்மிட் எடுக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு, அதுல எப்படி பேர் இருக்கோ எழுத்து மாறாம அப்படியே ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், பெர்மிட் அப்ளிகேஷன் எல்லாத்தையும் போட்டோம். கார்டு அழிஞ்சதுக்கு ஃபார்ம் 8 போட்டு மாத்திக்கலாம், திருத்தத்துக்கும் அதே ஃபார்ம்தான், ஆன்லைன்லயே போடலாம், ஆனா வீட்டுக்கு வந்து விசாரிச்சு, கார்டு தபால்ல வர்றதுக்கு நேரம் எடுக்கும். நாங்க டிக்கெட் போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இத ஆரம்பிச்சோம். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்குறவங்க இதே மாதிரி முன்கூட்டியே பாத்துக்கணும், ஏர்லைன் சைட்டு சர்நேம் கேக்கும், என்ன போடணும்னு அவங்க கஸ்டமர் கேர்ல கேட்டுட்டு போடுங்க.

எல்லைல நாங்க நின்ன வரிசைல எங்களுக்கு முன்னாடி ஒரு குடும்பம், எந்த ஊரோ தெரியல, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் எல்லாம் சரியா இருக்கு, கூட வந்த பொண்ணுக்கு பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும், அதுக்கு ஆதார் மட்டும்தான். அந்தப் பொண்ணு அப்பா ஃபோன்ல யார் யாருக்கோ பேசி வீட்டுல பீரோவுல இருக்குற பர்த் சர்டிஃபிகேட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக்கிட்டு இருந்தாரு, அந்தப் பொண்ணு பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சேர்ல உக்காந்து எல்லாரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க முடிச்சு கெளம்புற வரைக்கும் அவங்க அங்கதான் இருந்தாங்க. அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இந்த டாகுமென்ட் விஷயத்த இவ்ளோ நீட்டிச் சொல்றேன்.

எப்ப போறதுன்னு கேட்டா மார்ச்லேர்ந்து மே வரைக்கும், இல்லன்னா அக்டோபர், நவம்பர். ஜூன்லேர்ந்து செப்டம்பர் மழை, மண்சரிவு, அந்த ரோட்டுல அப்ப பெரியவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. மலைச் சிகரம் பளிச்சுனு தெரியணும்னா அக்டோபர் கடைசி, நவம்பர்தான் நல்லது. ஆனா நம்ம கர்நாடகா ஸ்கூல் தசரா லீவ நம்பி பிளான் பண்ணா அதே சமயத்துலதான் பெங்கால்ல துர்கா பூஜா லீவு, கொல்கத்தாவே கெளம்பி டார்ஜிலிங், சிக்கிம், பூட்டான் பக்கம் வரும், பாக்டோக்ரா ஃப்ளைட் விலை கன்னாபின்னான்னு ஏறிடும், சிலிகுரில வண்டி கிடைக்காது. நாங்க பையன் பரிட்சை முடிஞ்சு ஏப்ரல்ல போனோம். மலை மேல ரோடோடெண்ட்ரான் பூத்திருந்துச்சு, புனாகால நம்ம பெங்களூர்ல பூக்குற அதே ஜகரண்டா மரம் ஊதாப் பூவா ஜோங் சுவத்த ஒட்டி நின்னுச்சு, ஜோங்னா கோட்டை மாதிரி கட்டின மடம். மத்தியானத்துக்கு மேல மேகம் மூடும், அதனால சிகரம் பாக்கணும்னா காலைலயே போயிடணும். போப்ஜிகாவ நாங்க லிஸ்ட்லேர்ந்து எடுத்ததுக்குக் காரணமும் இந்த மாசம்தான், கருங்கழுத்துக் கொக்கு திபெத்லேர்ந்து அங்க வந்து தங்குறது குளிர்காலத்துலதான், ஏப்ரல்ல அதெல்லாம் திரும்பிப் போயிருக்கும். பாரோ திருவிழா மார்ச், ஏப்ரல் பக்கம் வரும், தேதி வருஷா வருஷம் மாறும், அந்த வாரம் பாரோல ரூம் கிடைக்குறது ரொம்ப கஷ்டம், பாக்க ஆசை இருந்தா ரொம்ப முன்னாடியே போட்டுடுங்க.

போற வழி ரெண்டு. ஒண்ணு ஃப்ளைட்ல நேரா பாரோ, பெங்களூர்லேர்ந்து நேரடியா கிடையாது, டெல்லி இல்ல கொல்கத்தா போய் மாறணும். டெல்லிலேர்ந்து போனா இடது பக்க ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்க, இமயமலை அந்தப் பக்கம்தான். பாரோ ஏர்போர்ட் 2,200 மீட்டர் உயரத்துல ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கு, தனிப் பயிற்சி எடுத்த பைலட்டுங்க மட்டும்தான் அங்க இறக்க முடியும், அதுவும் பகல்ல, கண்ணுக்கு வழி தெளிவாத் தெரிஞ்சாத்தான். வானிலை சரியில்லன்னா ஃப்ளைட் தள்ளிப் போகும், அதனால அன்னைக்கே டெல்லிலேர்ந்து பெங்களூருக்கு நெருக்கமா கனெக்ஷன் வைக்காதீங்க.

நாங்க ரோடு வழிதான் போனோம், அஞ்சு பேருக்கு ஃப்ளைட் கட்டுப்படியாகல. பெங்களூர்லேர்ந்து பாக்டோக்ராவுக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, மூணு மணி நேரம். அங்கேர்ந்து டாக்ஸி எடுத்து ஜெய்காவ், இது இந்தியப் பக்கம் கடைசி ஊரு, கேட்டத் தாண்டினா ஃபுன்ட்ஷோலிங். நாலரை அஞ்சு மணி நேரம் ஆகும், வழி பூரா டூவர்ஸ் தேயிலைத் தோட்டமும் காடும், யானை ரோட்டக் கடக்குற இடம், ராத்திரில போறத தவிருங்க. காலைல முதல் ஃப்ளைட் புடிக்க வீட்டுலேர்ந்து நடுராத்திரியே கெளம்பணும், கெம்பேகவுடா ஏர்போர்ட் தூரம் உங்களுக்கே தெரியும், அப்படி தூக்கமில்லாம வந்தவங்கள அன்னைக்கே எல்லையும் தாண்டி திம்பு வரைக்கும் ஓட்டிட்டுப் போகாதீங்க. அன்னைக்கு ராத்திரி எல்லை ஊர்லயே தங்கிடுங்க. கொல்கத்தா வழியா ரயில்ல வர்றவங்களுக்கு சியால்டாலேர்ந்து காஞ்சன்கன்யா எக்ஸ்பிரஸ் ஹாசிமாரா வரும், அங்கேர்ந்து ஜெய்காவ் இருபது கிலோமீட்டருக்குள்ளதான்.

ஜெய்காவ்ல டாக்ஸி இறக்கி விட்டப்பறம் நடந்துதான் உள்ள போகணும். பெட்டிய இழுத்துக்கிட்டு, தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நுழைஞ்சு அந்தப் பக்கம் போனா, சத்தம் அப்படியே நின்னுடும், ரோட்டுல ஹாரன் இல்ல, ஜீப்ரா கிராசிங்ல கால் வச்சா வண்டி நிக்குது. பெர்மிட்டுக்கு முன்னாடியே ஆன்லைன்ல ஐடி காப்பி, ஃபோட்டோ, ஹோட்டல் புக்கிங் எல்லாம் ஏத்தி பணமும் கட்டியிருந்தா கவுன்டர்ல ஃபோட்டோவும் விரல் ரேகையும் எடுத்து முடிச்சுடுவாங்க. எல்லாத்தையும் பேப்பர்ல ரெண்டு செட் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, மேல மலை ரோட்டுல செக்போஸ்ட்ல திரும்பவும் கேப்பாங்க. அங்க நேரம் நம்மளவிட அரை மணி முன்னாடி, எல்லை ஊர்ல ஃபோன் எந்த டவரப் பிடிக்குதோ அந்த நேரத்தக் காட்டும், அதனால வண்டி வர்ற நேரத்த பூட்டான் நேரமா நம்ம நேரமான்னு கேட்டு வச்சுக்குங்க.

ஃபுன்ட்ஷோலிங்லேர்ந்து திம்பு 150 கிலோமீட்டருக்குக் கிட்ட. கிலோமீட்டரப் பாத்து ஏமாறாதீங்க, அஞ்சாறு மணி நேரம். முன்னூறு மீட்டர் உயரத்துலேர்ந்து 2,300 மீட்டருக்கு ஒரே நாள்ல ஏறுறோம், வழில கேதுன்னு ஒரு ஊர்ப் பக்கம் மூடுபனி, முன்னாடி போற லாரியோட பின்பக்க லைட்டு மட்டும்தான் தெரியும். பையனுக்கும் அம்மாவுக்கும் கெளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர் சொன்ன வாந்தி மாத்திரை குடுத்து, காலைல இட்லிக்கு பதிலா வெறும் பிரெட், கையில எலுமிச்சம்பழம், இதோட சமாளிச்சோம். டிரைவர்கிட்ட முதல்லயே ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தணும்னு சொல்லிட்டோம், பெரியவங்க பாத்ரூம் வேணும்னு வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க, தண்ணியக் குடிக்காம விட்டுடுவாங்க, உயரத்துல அதுவும் தலைவலிக்கு ஒரு காரணம்.

உயரத்தப் பத்தி ரொம்ப பயப்படவும் வேணாம், அலட்சியமும் வேணாம். பெங்களூர் 900 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. திம்புவும் பாரோவும் கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், புனாகா 1,200 சொச்சம்தான். ஊட்டில நல்லா இருந்தவங்களுக்கு அங்க ராத்திரி தங்குறதுல பெரிய பிரச்சினை வராது. ஆனா நடுவுல தாண்டுற கணவாய் எல்லாம் வேற, டோச்சுலா 3,100 மீட்டர், பாரோவுக்கும் ஹாவுக்கும் நடுவுல இருக்குற செலேலா 4,000 மீட்டருக்குக் கிட்ட. மாமாவுக்கு, அதான் என் மாமனாருக்கு, பிபி இருக்கு, எச்ஏஎல்ல ரிடையர் ஆனவர், நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாரு, இருந்தாலும் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் எந்த உயரம் வரைக்கும் போறோம்னு மீட்டரோட சொல்லிக் கேட்டோம், உயரத்துக்கான மாத்திரை தேவையான்னு அவரே முடிவு பண்ணட்டும், மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க. அவர் சொன்னதக் கேட்டு செலேலாவ விட்டுட்டோம். வழக்கமா போடுற மாத்திரைய தேவைக்கு மேல ஒரு வாரம் கூட எடுத்துட்டு ரெண்டு பைல பிரிச்சு வச்சோம், பிரிஸ்கிரிப்ஷனோட.

ஊர் வரிசை ரொம்ப முக்கியம், நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. திம்பு ரெண்டு ராத்திரி, அப்பறம் புனாகா ரெண்டு ராத்திரி, கடைசில பாரோ மூணு ராத்திரி, இப்படி வைங்க. திம்புல உடம்பு கொஞ்சம் பழகும், புனாகா தாழ்வா, வெதுவெதுப்பா இருக்கும், பெரியவங்க அங்க நல்லாத் தூங்குவாங்க, அந்த ஓய்வோட பாரோ போய், அங்க மலைப் பாறைல இருக்குற தக்சாங் மடத்துக்கு ஏறலாம். அவசரத்துல எல்லை தாண்டின மறுநாளே பாரோ போய் அடுத்த நாளே தக்சாங் ஏறுறவங்க பாதி வழில உக்காந்துடுறத நான் பாத்தேன். அதோட புனாகால ரெண்டு ராத்திரி வச்சதாலதான் நாங்க தப்பிச்சோம். டோச்சுலா தாண்டி எறங்குற வழில மழைக்கு கல்லு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு, ஜேசிபி வந்து தள்ளுற வரைக்கும் ரெண்டு பக்கமும் வண்டி வரிசை கட்டி நின்னுச்சு, நாங்க போய்ச் சேர்றப்ப இருட்டிடுச்சு. எங்களுக்கு மறுநாள் முழுசா இருந்துச்சு. பக்கத்து வண்டில இருந்தவங்க அன்னைக்கே புனாகா பாத்துட்டு திம்பு திரும்புற பிளான், அவங்க ரோட்டையும் கல்லையும் மட்டும் பாத்துட்டு திரும்பிட்டாங்க.

புனாகா ஜோங்க மறுநாள் காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாத்தோம். 1637-38-ல சப்த்ரூங் ங்கவாங் நம்க்யால் கட்டினது, போ சூ, மோ சூன்னு ரெண்டு ஆறு சேர்ற இடத்துல. மரப்பாலம் தாண்டி செங்குத்தான படி ஏறணும், அம்மா ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறினாங்க, யாரும் அவசரப்படுத்தல, எங்களுக்கு அன்னைக்கு வேற எந்த இடமும் இல்ல. ஜோங்குக்குள்ள போக முழுக்கை சட்டை, முழு பேன்ட், தொப்பி கழட்டணும். புடவை, சுடிதார் எல்லாம் சரிதான், தோள் மூடியிருக்கணும்.

தக்சாங்குக்கு நாங்க பெங்களூர்லயே ரெடியாக ஆரம்பிச்சுட்டோம். தினம் காலைல அல்சூர் ஏரிய சுத்தி நடை, ஞாயித்துக்கிழமை லால்பாக் பாறை, ஒரு தடவ நந்தி ஹில்ஸ் படி. சமதரைல எவ்ளோ நடந்தாலும் ஏத்தத்துக்கு உதவாது, படி ஏறுங்க, அப்பார்ட்மென்ட்ல இருக்குறவங்க லிஃப்ட்ட விட்டுட்டு மாடிப்படியே ஏறுங்க, ஏறுறதவிட எறங்குறதுக்குத்தான் முட்டி பழகணும். புது ஷூ வாங்கினா ஒரு மாசம் முன்னாடியே வாங்கிப் போட்டு நடங்க.

அந்த மடம் 3,120 மீட்டர் உயரத்துல, பாரோ பள்ளத்தாக்குக்கு மேல தொள்ளாயிரம் மீட்டர் செங்குத்துப் பாறைல ஒட்டிக்கிட்டு இருக்கு. குரு பத்மசம்பவர் புலி மேல பறந்து வந்து தவம் பண்ண குகைன்னு அவங்க நம்பிக்கை, குகையச் சுத்திக் கோயில் கட்டினது 1692-ல, 1998-ல தீ விபத்துல எரிஞ்சு போய் திரும்பக் கட்டியிருக்காங்க. டிக்கெட் தனி, அதுவும் தலைக்கு நல்ல தொகை, பட்ஜெட்ல முன்னாடியே சேத்துடுங்க. காலைல ஏழரைக்குள்ள அடிவாரத்துல இருக்கணும். அங்க கைத்தடி வாடகைக்குக் கிடைக்கும், எல்லாருக்கும் ஒண்ணு எடுங்க, வயசுப் பசங்களுக்கும். குதிரை பாதி வழி வரைக்கும் போகும், ஆனா ஏறுறதுக்கு மட்டும்தான், எறங்க நம்ம கால்தான், இது தெரியாம குதிரைல ஏறிட்டு எறங்க முடியாம திண்டாடுறவங்க இருக்காங்க.

பாதில ஒரு கேஃபடேரியா இருக்கு. எங்க கைடு ஒரு சின்னப் பையன், அவர்தான் முதல் நாளே சொல்லிட்டாரு, மேடம், உங்க அம்மாவுக்கு இந்த கேஃபடேரியாதான் தக்சாங், இங்கேர்ந்தே எதிர்ல மடம் முழுசாத் தெரியும், மேல கட்டாயப்படுத்தாதீங்கன்னு. இந்த மாதிரி முன்னாடியே பேசி வைக்குறது எவ்ளோ நல்லதுன்னு அங்க போனப்பதான் புரிஞ்சுது. அம்மா டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கிட்டு வெயில்ல ஒரு பெஞ்ச்ல உக்காந்துட்டாங்க, "நீ போடி, நான் இங்கேர்ந்தே முருகா முருகான்னு கும்பிட்டுக்குறேன், எல்லா சாமியும் மலை மேலதான இருக்கு"ன்னு சொன்னாங்க. மாமா கூட இருக்கேன்னு சொல்லி அவரும் நின்னுட்டாரு. மேல போன எங்களுக்கு அதுக்கப்பறம்தான் கஷ்டமே, வியூ பாயின்ட் வரைக்கும் ஏறி, அப்பறம் நூத்துக்கணக்கான படி கீழ எறங்கி, அருவி பக்கத்துல சின்னப் பாலத்தத் தாண்டி திரும்ப மேல ஏறணும். வாசல்ல ஃபோன், கேமரா, பை எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுடணும், ஷூவையும் கழட்டணும், உள்ள தரை ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கும், தடிமனான சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க. திரும்புறப்ப அதே படி முழுக்க ஏறணும்ங்குறத மனசுல வச்சு தண்ணியையும் தெம்பையும் மிச்சம் வைங்க. மறுநாள் எங்கயும் போகல. ஒரு பண்ணை வீட்டுல ஆத்துக்கல்ல நெருப்புல காய்ச்சி மரத்தொட்டித் தண்ணில போட்டு, மூலிகை இலையும் போட்டுக் குளிக்க வைப்பாங்க, முட்டி வலி உள்ளவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய சுகம். பிபி உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, மாமாவ நாங்க விடல.

சாப்பாடு விஷயத்துல சைவக்காரங்க பயப்படவே வேணாம். எமா தட்ஷின்னு மிளகாயும் சீஸும் போட்ட கறி, நம்ம காரத்துக்கும் மேல, மிளகாயத்தான் அவங்க காயா வச்சு சமைக்குறாங்க. உருளைக்கிழங்கு போட்டா கேவா தட்ஷி, காளான்னா ஷாமு தட்ஷி, பசங்களுக்கு கேவா தட்ஷி ஒத்துப் போகும். சில இடத்துல காஞ்ச கறித் துண்டு சேப்பாங்க, அதனால ஆர்டர் பண்றப்பவே கறி, மீன் எதுவும் வேணாம்னு தெளிவா சொல்லுங்க, நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க, ஹிந்தியும் புரியும். சிவப்பரிசிச் சோறு அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இருந்தாலும் பருப்புப்பொடி, கருவேப்பிலைப்பொடி, ஊறுகா பாக்கெட் எடுத்துட்டுப் போனது மூணாம் நாளுக்கு மேல பெரியவங்களுக்கு உதவுச்சு.

பணம். அவங்க ஙுல்ட்ரமும் நம்ம ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணு, நம்ம நூறு ரூபா நோட்டு எல்லா இடத்துலயும் வாங்குறாங்க. பேங்க்குல சொல்லி நூறா கொஞ்சம் கட்டு வாங்கிக்குங்க. யூபிஐ 2021-லேயே பூட்டான்ல வந்துடுச்சு, சில கடைல ஸ்கேன் பண்ணா போகுது, சில கடைல போகாது, அத நம்பி வெறுங்கையோட மலை ஏறாதீங்க. சிம்முக்கு எல்லை ஊர்லயே பூட்டான் டூரிஸ்ட் சிம் ஒண்ணு எடுத்துட்டா வீட்டுக்கு ஒண்ணு போதும். சிகரெட் பழக்கம் உள்ளவங்க இருந்தா பொது இடத்துல பத்த வைக்க முடியாது, கையோட கொண்டு போறதயும் எல்லைல சொல்லணும்.

டோச்சுலால 108 சோர்ட்டன், அதாவது சின்னச் சின்ன ஸ்தூபி, நிக்குற மேட்டுல எங்க கைடு ஒரு விஷயம் சொன்னாரு. இங்க 1994-லேர்ந்து 6,000 மீட்டருக்கு மேல மலையேற விடுறதில்ல, 2003-ல மலையேற்றத்த மொத்தமாவே நிறுத்திட்டாங்க, சாமி இருக்குற இடத்த மிதிக்கக் கூடாதுன்னு. அதனால 7,570 மீட்டர் இருக்குற கங்கர் புவென்சும் இன்னும் யாரும் ஏறாத மலை. நாட்டுல 60 சதவீதம் காடு இருந்தே ஆகணும்னு அவங்க அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. இப்படி வேணாம்னு விட்டு வைக்கத் தெரிஞ்ச ஊருக்கு நாம போய் எல்லா இடத்தையும் டிக் அடிக்கணும்னு ஓடுறது எனக்கு சரியாப் படல. பும்தாங், ஹா, போப்ஜிகா எதுவும் நாங்க பாக்கல, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

திரும்புறப்பவும் அதே அவசரம் வேணாம். பாரோலேர்ந்து காலைல கெளம்பி அன்னைக்கே பாக்டோக்ரா ஃப்ளைட் பிடிக்குற மாதிரி போடாதீங்க, வழில ஒரு மண்சரிவு வந்தாக்கூட அஞ்சு டிக்கெட் போச்சு. கடைசி ராத்திரிய எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெய்காவ்லயோ சிலிகுரிலயோ வச்சுடுங்க, அந்த ராத்திரிக்கு 1,200-ம் கிடையாது. மிச்சம் இருக்குற ஙுல்ட்ரம் நோட்ட ஜெய்காவ்ல கடைக்காரங்க வாங்கிக்குவாங்க, அங்கயே தீத்துடுங்க, பெங்களூருக்கு எடுத்துட்டு வந்தா இங்க யாரும் வாங்க மாட்டாங்க.